பன்னிரண்டு வீட்டு உலகநாதன்

உலகநாதன் காட்டூரிலிருந்து பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்த அன்று அவன் தலையில் ஒரு அரிசி மூட்டை இருந்தது, மடியில் நான்கு எலுமிச்சம்பழம் இருந்தது, வயது இருபத்திரண்டு முடிந்திருந்தது. தங்குவதற்கு இடம் மட்டும் இல்லை. அது ஒரு பெரிய விஷயமாகவும் அவனுக்குப் படவில்லை. காட்டூரில் யாரும் இடம் தேடி அவன் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தால் மாடு கொட்டிலுக்குப் போகும், மனிதன் வீட்டுக்குப் போவான், அவ்வளவுதான்.

பழவேற்காடு அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. கோட்டையில் அவர்கள் கொடி பறந்தது, முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் அவர்கள் கப்பல் நின்றது. ஊரிலோ தெருவுக்கு ஒரு பாஷை. நெசவுக்காரர்கள் தெலுங்கில் பேசினார்கள், மரைக்காயர்கள் தமிழிலும் அரபியிலும் பேசினார்கள், அர்மேனிய வியாபாரிகள் அவர்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள். ஒருவர் சொல்வது அடுத்தவருக்குப் புரியாததால்தான் இவ்வளவு பெரிய ஊரில் சண்டை குறைவு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நானும் அதை நம்புகிறேன்.

அவனை அங்கே அனுப்பியது அவன் அப்பா தருமலிங்கம். அதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் அவர் கோட்டைக்கு நெல் கொண்டுபோய்க் காட்டினார். ஒல்லாந்துக்காரன் ஒருவன் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அரை நாழிகை நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். பக்கத்தில் நின்ற துபாசி, அதாவது இரண்டு பாஷையும் தெரிந்து எடுத்துச் சொல்கிறவர், தருமலிங்கத்தின் பக்கம் திரும்பி ஒரே வார்த்தை சொன்னார்: "வேணாமாம்." நெல் விற்காதது தருமலிங்கத்துக்கு வருத்தமில்லை. மிச்சப் பேச்செல்லாம் எங்கே போயிற்று என்பதுதான் அவரை வருஷம் முழுக்க அரித்தது. தூக்கத்தில்கூட, "அவ்ளோ நேரம் இன்னாதான்டா சொன்னான்?" என்று கேட்பாராம். கடைசியில் மகனைக் கூப்பிட்டு, "நீ போயி அந்த பாஷையக் கத்துக்கினு வாடா. நம்ம வூட்ல ஒருத்தனுக்காவது மிச்சம் தெரியணும்," என்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார்.

பாடம் சொல்லிக் கொடுத்தவர் வீரராகவன் என்ற பழைய துபாசி. கோட்டைக்குள் துணிக் கிடங்கு ஒன்றில் காலை மணி அடித்ததும் பாடம் தொடங்கும். அரிசி மூட்டையை அவர் வாங்கிக்கொண்டார். "பாஷையை நான் குடுத்துடறேன். கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே வர்றது உன் சாமர்த்தியம்," என்றார்.

வாசலில் ஆள் கணக்கு எழுதுகிற துளசிங்கம் நின்றார். கையில் ஒரு ஓலைக் கட்டு, காதில் ஒரு எழுத்தாணி. கோட்டைக்குள் தினமும் போய் வருகிற ஆள் யாராக இருந்தாலும், ஊரில் ஒரு வீட்டுக்காரர் வந்து அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அது சட்டம்.

"எந்த வூடு?" என்றார் துளசிங்கம்.

"காட்டூருங்க."

"அது ஊரு. நான் கேக்கறது வூடு. இவன் எங்க வூட்ல கீறான், இவன் தப்பு பண்ணா என்னைப் புடினு சொல்றதுக்கு இந்த ஊர்ல யாரு கீறாங்கோ?"

"யாரும் இல்லீங்களே."

எலுமிச்சம்பழம் நான்கும் துளசிங்கத்தின் மடிக்கு இடம் மாறின. அவர் கொஞ்சம் இளகினார். "மாசி மகம் வரைக்கும் வுடறேன். அன்னிக்கு ஒரு வூட்டுப் பேரு வந்தாகணும். வரலைன்னா வந்த வழியே நடந்துடு."

அப்போது தை மாதம் தொடக்கம். கைநிறைய நாள் இருப்பதாக உலகநாதன் நினைத்தான். முதல் நாள் பாடத்திலேயே அவனுக்கு ஆசை பிடித்துவிட்டது. ஒல்லாந்தர் இங்கே வந்ததே துணிக்காக, அதனால் பாடமும் துணியில்தான் தொடங்கியது. வெள்ளை, நீலம், முழம், மடிப்பு, கிழிசல், முழு நீளம், நீளம் குறைவு, இதை யார் செய்தது. அம்மா, அப்பா, சோறு, தண்ணீர் எல்லாம் ஆறாம் மாதம் வரும் என்றார் வீரராகவன். உலகநாதன் அந்தச் சொற்களை வாயில் போட்டு வெல்லக்கட்டிபோல உருட்டிக்கொண்டே திரிந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை விட்டுப் போக மனசில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு ஒரு வீட்டுப் பெயர் வேண்டும்.

தங்க இடம் விடுகிற வீட்டுக்காரர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அது இந்தக் காலத்து ஆட்களைப் பார்த்து வந்தது என்று நினைத்திருந்தேன். உலகநாதன் கதையைக் கேட்ட பிறகுதான் இது பழைய நோய் என்று புரிந்தது.

முதலில் நெசவுக்காரர் தெருவில் ஒருவர் இடம் இருக்கிறது என்றார். இருந்த இடம் தறிக்குழி. தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டுக்கொள்வதற்காகத் தோண்டிய குழி அது. "பகல்ல என் காலு, ராத்திரி நீ. பாதிக்குப் பாதி," என்றார் அவர். குழியின் நீளம் உலகநாதனின் இடுப்பு வரை வந்தது. மிச்சத்தை மடித்துக்கொண்டு படுத்தான். விடியற்காலையில் நெசவுக்காரர் வழக்கம்போல வந்து உட்கார்ந்து, வழக்கம்போல இரண்டு காலையும் உள்ளே இறக்கி, உலகநாதனின் நெஞ்சை மிதித்துக்கொண்டு நான்கு முழம் நெய்துவிட்டார். அன்றைக்குத் துணி மிக அழுத்தமாக வந்ததாம். தினமும் இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

அடுத்தது ஒரு செட்டியார் வீடு. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை, குறட்டை கூடாது. அதைச் சோதிக்க உலகநாதனைப் பட்டப்பகலில் கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்து, செட்டியார், அவர் மனைவி, மூன்று பெண்கள், ஒரு கணக்கப்பிள்ளை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து காது கொடுத்தார்கள். அப்படி உட்கார்ந்தால் யாருக்குத் தூக்கம் வரும். பாவம், தூங்குவதுபோல நடித்தான். குறட்டை வந்துவிடுமோ என்ற பயத்தில் மூச்சையும் அடக்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் செட்டியார் மனைவி எழுந்து, "இப்படி மூச்சே இல்லாமத் தூங்கறவனை வூட்ல வெச்சினு நான் எப்படி நிம்மதியா இருக்கறது? தெனமும் தொட்டுப் பாத்துனே இருக்கணுமா?" என்று சொல்லிவிட்டாள். அதோடு சரி.

மூன்றாவதாக ஒரு மரைக்காயர். நல்ல மனிதர். வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள், அந்நிய ஆணுக்கு இடம் தர முடியாது, ஆனால் கரையில் என் மரக்கலம் ஒன்று பழுது பார்க்க ஏற்றி வைத்திருக்கிறது, அதில் படுத்துக்கொள் தம்பி என்றார். அது ராஜ வாழ்க்கை. காற்று வந்தது, நிழல் இருந்தது, யாரும் நெஞ்சில் மிதிக்கவில்லை. எட்டு நாள் அப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் அவன் கண் விழித்தபோது கரை இருந்த இடத்தில் கரை இல்லை. பழுது பார்த்து முடிந்து, விடியற்காலை ஏறிய கடல் வெள்ளத்தில் மரக்கலத்தை இறக்கி முகத்துவாரம் தாண்டி விட்டிருந்தார்கள். நெல்வயல்காரன் தூக்கம் அப்படி.

"இது எங்க போவுது?" என்று கேட்டான்.

"மலாக்கா," என்றார்கள்.

அவன் குதித்துவிட்டான். நீச்சல் தெரியும், ஆனால் அது காட்டூர்க் குளத்து நீச்சல். குளத்தில் எந்தப் பக்கம் போனாலும் கரை வரும். கடலில் அப்படி இல்லை என்று தெரிந்துகொண்ட நேரத்தில் ஒரு வலை அவன் மேல் வந்து விழுந்தது.

வலை வீசியது முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த குப்பத்தின் நாட்டார் சின்னதம்பி. நாட்டார் என்றால் குப்பத்துக்குத் தலைவர். பெரிய மீன் என்று நினைத்து வீசியதாக அவர் கடைசி வரை சாதித்தார். கரையில் கொண்டுவந்து கொட்டியதும் பன்னிரண்டு வீட்டுச் சனமும் கூடி நின்று பார்த்தது. உலகநாதன் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, தான் யார், என்ன படிக்கிறான், எதைத் தேடுகிறான் என்று எல்லாவற்றையும் சொன்னான்.

"இடம்தானே," என்றாள் மாரியின் பெண்டாட்டி வேலம்மா. "நம்ம குப்பத்துல இல்லாத இடமா?"

"எந்த வூட்ல?" என்றாள் கஸ்தூரியம்மாள். நாற்பது வயது, புருஷன் இல்லை, இரண்டு மகன்கள், நாக்கு மட்டும் மிகவும் கூர்மை. "ஆளைப் பாரு. இது ரெண்டு ஆளு சோறு துன்னும். என் வூட்ல வேணாம்."

இங்கேதான் சின்னதம்பி ஒரு நியாயம் சொன்னார். அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு, பாடு என்று பேர். கடல் தண்ணீர் ஏறி வற்றுகிற ஓடையில் இறால் வருகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதை யாரும் தனதென்று வைத்துக்கொள்ள முடியாது. பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு கிளிஞ்சல், ஒவ்வொன்றிலும் அந்த வீட்டின் குறி, எல்லாம் ஒரு குடத்தில். கை விட்டு எடுத்தால் யார் கிளிஞ்சல் வருகிறதோ அவர்களுக்கு அன்றைக்கு அந்த இடம். வலையில் வந்தது எதுவானாலும் எல்லாருக்கும் பொது.

"இவன் வலையில வந்தவன்," என்றார் சின்னதம்பி. "ஒரு வூடு வெச்சிக்கவும் கூடாது, ஒரு வூடு வேணாம்னு தள்ளவும் கூடாது. இவனையும் பாட்டுல போடு."

ஆக உலகநாதனுக்காகத் தனியே ஒரு குடம் வைத்தார்கள். தினமும் சாயங்காலம் ஒரு கிளிஞ்சல். எந்த வீட்டுக் குறி வருகிறதோ அங்கே அன்றைக்குச் சோறும் பாயும். எடுத்த கிளிஞ்சல் வெளியே இருக்கும். பன்னிரண்டும் முடிந்தால் மறுபடி எல்லாம் குடத்துக்குள்.

முதல் சுற்றில் பதினொரு நாள் சரியாகப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் குடத்தில் கை விட்டால் வெறும் குடம். அன்று அவன் பட்டினியாக மணலில் படுத்தான். மறுநாள் சின்னதம்பி விசாரித்ததில், மூன்று கோடு கீறிய கிளிஞ்சல் ஒன்று கஸ்தூரியம்மாளின் முந்தானை முடிச்சில் அகப்பட்டது.

"அது எப்படியோ வந்து ஒட்டிக்கிச்சி," என்றாள் அவள் கொஞ்சமும் கூசாமல்.

அன்று ராத்திரி அவள் வீட்டில்தான் சாப்பாடு. உலகநாதன் நான்காவது தடவை தட்டை நீட்டியபோது, "டேய், நீ சோறு துன்றியா, மூட்டை கட்டறியா?" என்றாள். ஐந்தாவது தடவையும் அவன் நீட்டினான். அவள் போட்டாள். திட்டிக்கொண்டே போடுகிறவர்கள் நிறையப் போடுவார்கள் என்பதை அவன் அன்றைக்குக் கண்டுகொண்டான்.

சாப்பாடும் பாயும் கிடைத்தன. வீட்டுப் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. கோட்டை வாசலில் துளசிங்கம் தினமும் கேட்பார்.

"எந்த வூடு?"

"நேத்து மாரி அண்ணன் வூடு. இன்னிக்கு இன்னும் கிளிஞ்சல் எடுக்கல."

துளசிங்கம் ஓலையைப் பார்த்தார். அதில் ஒன்பது பெயர் எழுதி ஒன்பதையும் அடித்திருந்தது. "இதோ பாரு உலகநாதா. ஒரு வூடு இருக்கறவன் மனுசன். பன்னெண்டு வூடு இருக்கறவன் ஒண்ணு ராஜா, இல்லாட்டித் திருடன். நீ ராஜா மாதிரித் தெரியல. மகத்தன்னிக்கு ஒரே பேரு, ஒரே ஆளு, நேர்ல வந்து சொல்லணும்."

அவன் சின்னதம்பியிடம் கேட்டான். ஒரு வீட்டுக்காரர் மட்டும் பொறுப்பேற்றால் பாடு முறையின் நியாயம் கெட்டுப்போகும் என்று அவர் தலையை ஆட்டிவிட்டார்.

இதற்கிடையில், ஊர்ப்பக்கம் போன உப்பு வண்டிக்காரனிடம் அவன் அப்பாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினான். கவலைப்பட வேண்டாம், பழவேற்காட்டில் பன்னிரண்டு வீடு இருக்கிறது என்றான். வண்டிக்காரன் காட்டூர் வந்து, உங்கள் மகனுக்குப் பழவேற்காட்டில் பன்னிரண்டு வீடு என்றான். தருமலிங்கம் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தார். அடுத்த நிமிஷம் தெருவுக்கு வந்தார். ஒரே வாரத்தில் திருப்பாலைவனம் வரைக்கும் சேதி போய், மூன்று இடத்திலிருந்து பெண் கொடுக்கிறோம் என்று ஆள் வந்தது. மாசி மகத்துக்குக் கடலாட வரும்போது பன்னிரண்டு வீட்டையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் ஊரில் சொல்லி வைத்தார்.

மகத்துக்கு முந்தின நாள் காலை சின்னதம்பி உலகநாதனைக் கூப்பிட்டு ஒரு வலையைக் கையில் கொடுத்தார். "நாளைக்கி ஓடை வாயில உன் பாடு."

"எனக்கு மீன் புடிக்க வராது, நாட்டாரே."

"பேரு பாட்டுல ஏறிடுச்சி. துன்றவன் தண்ணியிலயும் நிக்கணும். ஒண்ணும் பெருசு இல்ல. தண்ணி ஏறும், வத்தும். வத்தறப்போ இறா வரும். வலையைக் கட்டினு நில்லு."

இவ்வளவுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. சனம் முழுக்க மகத்துக்குச் சாமி இறங்கும் இடத்தில் பந்தல் போடப் போய்விட்டது. உலகநாதன் மட்டும் மத்தியானம் தன் இடத்தைப் பார்க்க ஓடைக்குப் போனான். தண்ணீர் வற்றியிருந்தது. நின்று யோசித்தான்.

அவன் யோசித்ததில் தப்பே இல்லை என்பேன். காட்டூரிலும் முறை உண்டு. வாய்க்கால் தண்ணீர் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. நம் முறை வந்தால் நல்ல குடியானவன் முதலில் என்ன செய்வான்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அடுத்தவன் மடையை அடைப்பான். இல்லையென்றால் தண்ணீர் அவன் பக்கம் ஓடிவிடும், ஊர் சிரிக்கும். மீன்காரர் முறையில் ஓடையைத் தொடவே கூடாது, ஓடுகிற தண்ணீர் எல்லாருக்கும் ஓட வேண்டும். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை, ஏனென்றால் ஓடையை அடைக்க ஒருவன் நினைப்பான் என்று எந்த மீன்காரனுக்கும் தோன்றாது.

இத்தனை நாள் சாப்பிட்ட சோற்றுக்கு ஒரே நாளில் பதில் செய்துவிட வேண்டும் என்று உலகநாதனுக்கு ஆவேசம் வந்தது. உண்மையில் அவன் கண் கலங்கிவிட்டது. மண்வெட்டி இல்லை, கையாலேயே தொடங்கினான். சேறு ஒரு வரிசை, கடல்பாசி ஒரு வரிசை, மிதி. சேறு ஒரு வரிசை, பாசி ஒரு வரிசை, மிதி. பொழுது சாய்வதற்குள் ஓடையின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில், நூல் பிடித்த மாதிரி, ஒரு காட்டூர் வரப்பு எழுந்து நின்றது. சாயங்கால வெள்ளம் ஏறி அதை மூடியது. வரப்பு அசையவில்லை. உலகநாதன் கைகாலைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

மறுநாள் மகம். பௌர்ணமி வெள்ளம் நன்றாக ஏறி, அதே வேகத்தில் வற்றத் தொடங்கிய நேரத்தில், கப்பலிலிருந்து ஒரு ஒல்லாந்து அதிகாரி ஓடை வழியாகப் படகில் கோட்டைக்கு வந்துகொண்டிருந்தார். இறகு வைத்த தொப்பி, பட்டுச் சட்டை, எதிர்கொண்டு அழைத்துவரப் போயிருந்த துளசிங்கம் பக்கத்தில். ஓடை வாயில் படகு தடுக்கென்று நின்றது. தண்ணீர் இறங்க இறங்கப் படகு இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வரப்பின் மேல் வயிற்றை வைத்துக்கொண்டு, முன்பக்கம் வானத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்தது. வரப்புக்கு உள்பக்கத் தேக்கத்தில் இறால் கொதித்துக்கொண்டிருந்தது. வெளிப்பக்கத்தில் மற்றவர்கள் கட்டிய வலைகளில் ஒரு நண்டுகூட இல்லை.

குப்பமே ஓடி வந்து கரையில் நின்றது. மகத்துக்கு வந்த வெளியூர்க் கூட்டமும் சேர்ந்துகொண்டது. அதிகாரி எழுந்து நின்று பேசத் தொடங்கினார். கையை ஆட்டினார், தொப்பியைக் கழற்றி ஆட்டினார், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆட்டினார். அரை நாழிகை ஆயிற்று. துளசிங்கத்துக்கு வாசலில் தேவையான நான்கு வார்த்தைக்கு மேல் அந்தப் பாஷை தெரியாது. "உலகநாதா, வந்து இன்னான்னு கேளு," என்றார்.

உலகநாதன் முழங்கால் சேற்றில் இறங்கி நின்றான். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான்.

"இன்னாடா சொல்றாரு?" என்றார் சின்னதம்பி.

"கோவமா கீறாரு."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவ்ளோ பேச்சுக்கும் அவ்ளோதானாடா?" தருமலிங்கம் புது வேட்டியோடு வந்து நின்றிருந்தார்.

"மிச்சமெல்லாம் திட்டு, நைனா."

தருமலிங்கத்தின் முகத்திலிருந்து ஒரு வருஷத்துப் பாரம் இறங்கியது.

உலகநாதன் அதிகாரியின் பக்கம் திரும்பினான். அவனிடம் இருந்ததெல்லாம் ஐந்து வாரத்துத் துணிப் பாடம். அதை வைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "ஐயா, நீளம் குறைவு. மூன்று முழம் குறைவு. நீலம் சாயங்காலம் வரும், முழு நீளம் வரும். கிழிசல் இல்லை, ஐயா. மடிப்பு மட்டும்தான்."

அதிகாரி தண்ணீரைப் பார்த்தார். படகைப் பார்த்தார். மடிப்பு என்று அவரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார். பலகையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொப்பி சேற்றில் விழும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரப்பைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். இதை யார் செய்தது?

துளசிங்கத்துக்குத் தெரிந்த நான்கு வார்த்தையில் அதுவும் ஒன்று. "யாரு கட்டினதுன்னு கேக்கறாரு," என்று கரையைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

யாருடைய பாடு என்று குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். உலகநாதன் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தான். அந்த நேரத்தில் தருமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். வரப்பைக் கையால் தட்டிப் பார்த்தார். மேலேறி நின்று குதித்துப் பார்த்தார்.

"இன்னா கட்டு பாத்தியா," என்றார் பூரிப்போடு. "சேறு ஒண்ணு, தழை ஒண்ணு. இது எங்க வூட்டுக் கை. எம் புள்ளயைத் தவிர யாரும் இப்படிக் கட்ட முடியாது."

பெற்றவர்கள் பெருமையால் கெட்ட பிள்ளைகளின் கணக்கை யாரும் எடுத்ததில்லை. எடுத்தால் தாங்காது.

துளசிங்கம் ஓலையை எடுத்தார். "நல்லதாப் போச்சு. இன்னிக்கு மகம். இவன் எந்த வூடு? சொல்றவன் வந்து நில்லு. ஆனா ஒண்ணு, இந்த வரப்புக்கும் அவன்தான் பதில் சொல்லணும்."

யாரும் முன்னால் காலை எடுத்து வைக்கவில்லை. உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டான். காட்டூர்ப் பாதை அவன் கண்ணுக்கு முன்னால் நீளமாகத் தெரிந்தது. கிழிசல், மடிப்பு, வெள்ளை, நீலம் எல்லாவற்றையும் இந்தச் சேற்றிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான் என்று நினைத்தான். அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதான்.

"எங்க வூடு."

கஸ்தூரியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்தத் தடியன் எங்க வூட்ல கீறான். அஞ்சு தட்டு சோறு துன்றான். இவன் இன்னா தப்பு பண்ணாலும் என்னைக் கேளு. எழுதிக்கோ."

"அது எப்படி?" என்றாள் வேலம்மா. "நேத்து எங்க கிளிஞ்சல் இல்ல வந்துது? அவன் பாயி இன்னும் எங்க வூட்ல கீது. எங்க வூடுன்னு எழுது."

"நேத்து பேச்சு நேத்தோட போச்சி," என்றார் இன்னொருவர். "இன்னிக்கி மிச்சம் கீற கிளிஞ்சல்ல எங்களுதும் ஒண்ணு."

"வலை என்னுது," என்றார் சின்னதம்பி. "புடிச்சவன் நானு."

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உலகநாதனைக் காப்பாற்றுகிறோம் என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பாடு யாருடையது என்பதுதான் இப்போது வழக்கு. இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். அதிகாரி, என்ன நடக்கிறது என்று உலகநாதனைக் கேட்டார். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். வீடு என்ற சொல் அவனுக்கு ஆறாம் மாதம்தான் வரும். "ஐயா," என்றான், "நான் குறைவு இல்லை. நான் முழு நீளம்."

துளசிங்கம் ஓலையில் பன்னிரண்டு பெயரை எழுத இடமில்லாமல் குப்பம் என்று ஒரு வார்த்தை எழுதிக் காதில் எழுத்தாணியைச் செருகிக்கொண்டார். சட்டத்தில் அப்படி ஒரு வீடு கிடையாது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லுமளவுக்குத் தமிழ் தெரிந்த அதிகாரியும் கிடையாது. தேக்கத்தில் அள்ளிய இறாலை வேகவைத்துப் படகிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சாயங்கால வெள்ளத்தில் படகு தானே எழும்பிப் போயிற்று. தண்டனை, வரப்பைக் குப்பமே உடைக்க வேண்டும் என்பது. மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் தருமலிங்கம் கரையில் நின்றபடி, "உடையுதா பாரு, உடையுதா பாரு," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உலகநாதன் ஆறாம் மாதத்தில் அம்மா, அப்பா, வீடு எல்லாம் கற்றுக்கொண்டு, பிறகு முப்பத்து நான்கு வருஷம் அந்தக் கோட்டையில் துபாசியாக இருந்தார். அதிகாரிகள் அரை நாழிகை பேசினால் அவரும் அரை நாழிகை சொல்வார், திட்டு உட்பட. அதனால் குடியானவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். சொந்தமாக வீடு கட்டிக்கொள்ள வசதி வந்தும் அவர் கட்டவில்லை. பாடு முறையில் ஏறிய பெயரை இறக்க முடியாது என்று சின்னதம்பி சொல்லிவிட்டார். பன்னிரண்டு வீட்டுக்காரன் என்று நம்பிப் பெண் கொடுத்த குடும்பத்தின் குணசுந்தரி முதல்நாள் வந்து, "நம்ம வூடு எது?" என்று கேட்டாள். "இன்னிக்கு மாரி அண்ணன் வூடு," என்றார். அப்புறம் மூன்று பிள்ளைகளை மூன்று வீட்டில் பெற்றாள். அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் கல்யாணமான நாள்முதல் அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

ஒரு ஐப்பசி மாதத்துக் காலை, கோட்டைக்குப் போகிற வழியில், உலகநாதன் மணலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எங்கே கொண்டுபோய்க் கிடத்துவது, எந்த வீட்டிலிருந்து எடுப்பது என்று குப்பத்தில் பெரிய சச்சரவு வந்தது. மகத்தன்று நடந்ததைவிடப் பெரியது. பிள்ளைகள் பிறந்த மூன்று வீட்டுக்காரர்களும் உரிமை கொண்டாடினார்கள். சின்னதம்பியின் மகன்தான் அப்போது நாட்டார். எப்போதும்போலக் கிளிஞ்சல் எடுக்கலாம் என்று அவன் சொன்னதும்தான் எல்லாரும் அடங்கினார்கள். எழுபத்தைந்து வயதுக் கஸ்தூரியம்மாள், குடம் என் வீட்டில்தான் இருக்கிறது, இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய், கொஞ்சம் நேரமானாலும் தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.

நாட்டார் கை விட்டு எடுத்தான். மூன்று கோடு. கஸ்தூரியம்மாள் வீடு.

வேலம்மாவுக்கு ஏதோ சந்தேகம். குடத்தை வாங்கி மணலில் கவிழ்த்தாள். பதினொரு கிளிஞ்சலும் விழுந்தன. பதினொன்றிலும் புதிதாகக் கீறிய மூன்று கோடு.

"எப்படியோ வந்து ஒட்டிக்கிச்சி," என்றாள் கஸ்தூரியம்மாள். அவளுக்கு அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை.

வேலம்மா கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குடத்தில் போட்டாள். உலகநாதனைக் கஸ்தூரியம்மாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.